கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

“ஏய், ஹோல்டான்! என்னை விட்டுட்டு எங்க எழுந்திரிக்கிற? தலை கிறுகிறுன்னு சுத்துதுடி.”

கண்டக்டர் ஒருக்களித்துப் படுத்தபடியே மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் அவர் வாய் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

“இன்னைக்குமா?” என்றாள் அவள். “ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்ச மனுஷன். கட்டில்லேர்ந்து இறங்க ஒரு ஆள் வேணுமாக்கும்!”

“பஸ் ஆடினா பழக்கம். இங்க வீடுல்ல ஆடுது!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போன வாரம் படுக்கையிலிருந்து அவசரமாக எழுந்து, குளியலறை வாசலில் கண் இருட்டி விழுந்ததை இருவருமே மறக்கவில்லை. அழுக்குத் துணிக் கூடைமேல் விழுந்ததால் அடிபடாமல் தப்பித்தது. ‘இன்னொரு தடவை விழுந்தா தையல் பிரிஞ்சிடும், மறுபடியும் ஆபரேஷன்தான்’ என்று டாக்டர் போனிலேயே சத்தம் போட்டிருந்தார்.

“சரி, என்ன பண்ணணும் இப்ப?”

“டாக்டர் சொன்னதுதான். மொதல்ல உக்காருவோம். காலைத் தொங்கப் போடுவோம்.”

“நான் எதுக்கு? அடுப்படியில வேலை அப்படியே கிடக்கு.”

“நீ நின்னுக்கிட்டு இருந்தா எனக்குப் பரபரன்னு இருக்கு. கூட உக்காரேன்.”

உட்கார்ந்தாள். கட்டில் விளிம்பில் இரண்டு ஜோடிக் கால்கள் தொங்கின. தலைமாட்டில் மூடி வைத்திருந்த தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவளிடம் நீட்டினார் கண்டக்டர்.

“நீயும் குடி. தனியாக் குடிச்சா மருந்து மாதிரி இருக்கு.”

“தண்ணி குடிக்கக்கூடத் துணையா? நல்லாருக்கு!” என்றவள் தம்ளரைக் காலி செய்தாள்.

“காலையில எழுந்தா உடம்பே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. உனக்கு?”

“எனக்கும்தான்... கொஞ்சம்.” அதைச் சொல்ல அவளுக்கு என்னவோ வெட்கமாக இருந்தது.

வாசல் மணி அடித்தது.

“ஐயோ, பால்காரர்!” அவள் சட்டென்று எழப் போனாள்.

“சுத்துது! சுத்துது!” கண்டக்டர் அவள் தோளில் சாய்ந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க, அவர் போயிடப் போறாரு.”

“போனா போகட்டும். அடுத்த வண்டியில ஏறிக்கலாம்.”

மணி மறுபடியும் அடித்தது. கண்டக்டர் அசையவில்லை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டினார். அவளையும் ஆட்டச் சொன்னார். மூச்சை இழுத்து விட்டார். அவளும் விட்டாள்.

“ம்... இப்பத் தெளிஞ்சிருக்கு. மெதுவா... ரைட்!”

இருவரும் எழுந்து ஒரு கணம் அப்படியே நின்றார்கள். பிறகு சுவரோரமாகவே நடந்து போய்க் கதவைத் திறந்தார்கள்.

“என்ன சார், காலங்காத்தால கைகோத்துக்கிட்டு? நேத்துதான் கல்யாணம் ஆன மாதிரி!” என்றார் பால்காரர்.

“கண்ணு வைக்காம பாலை ஊத்துய்யா.”

கதவைச் சாத்திவிட்டு அவள் சொன்னாள்: “இன்னைக்குத் தையலைப் பார்க்க வரச் சொல்லியிருக்காருல்ல, டாக்டர்கிட்ட இந்தத் தலைசுத்தலைச் சொல்லத்தான் போறேன்.”

கண்டக்டரின் முகம், டிக்கெட் எடுக்காமல் செக்கரிடம் மாட்டியவரின் முகம்போல ஆகிவிட்டது.

“வேணாம்டி. இத்தனூண்டு விஷயம். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

“நோயை மறைச்சு வச்சா யாருக்கு நஷ்டம்? நான் சொல்லத்தான் சொல்லுவேன்.”

போகிற வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். “காலையில தலைசுத்தல் இப்ப எப்படி இருக்கும்மா?”

“குறையவே இல்ல டாக்டர். என் கையப் பிடிச்சாத்தான் எழுந்திரிக்கிறாரு. கூட உக்காரணும், கூடத் தண்ணி குடிக்கணும், கூடவே நடக்கணும்.”

கண்டக்டர் தலையைத் தூக்கி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் குழம்பிப் போனார். “அவருக்கு எதுக்கும்மா சுத்துது? ஆபரேஷன் நடந்தது உங்களுக்கு. போன வாரம் விழுந்ததும் நீங்க!”

“அதான் டாக்டர் எனக்கும் புரியல. அவருக்குச் சுத்த ஆரம்பிச்சதுலேர்ந்து நான் ஒரு நாளும் விழல.”

டாக்டர் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் படுக்கச் சொல்லித் தையலைப் பார்த்தார். நன்றாக ஆறியிருந்தது.

வெளியே வந்ததும் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். “எப்பலேர்ந்துடி தெரியும்?”

“மொத நாளே. தலை சுத்துறவரு, நான் தூங்குறேன்னு நெனச்சு, முன்னாடியே எழுந்து தம்ளர்ல தண்ணி ஊத்தி மூடி வச்சுட்டு, பூனை மாதிரி வந்து திரும்பவும் படுத்துக்குவாரா?”

“அப்ப ஏன் வாயே திறக்கல?”

படி வந்தது. அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“மொத பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இத்தனை வருஷமும் இருட்டுலயே ஓடினீங்க. இப்பத்தான் காலையில என் கையைப் பிடிச்சிருக்கீங்க. சொன்னா விட்டுருவீங்களே!”