விரலுக்குக் கீழே

ஈர வண்ணத்தில் மூக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து, பிரபு வீட்டு மாப்பிள்ளை நான் வரைந்த படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். இவர் பாதுவா பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் கிரேக்கம் கற்றவர், சும்மா விடுவாரா?

பின்னால் அவருடைய மாமனார் அல்விஸே பிரபு பெருமை தாங்காமல் நின்றார். பழங்காலக் கிரேக்கத்தில் தெல்பி கோவிலில் குறி சொன்னவளைத் தன் படிப்பறைக் கதவுக்கு மேலே மாட்ட வேண்டும் என்று கேட்டவர் அவர்தான்.

குறிகாரியை வரைவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எந்தப் பெண்ணுக்கும் தலைப்பாகை கட்டி, கையில் ஒரு காகிதச் சுருளைக் கொடுத்து, கண்ணை மேலே உயர்த்தச் சொன்னால் போதும். வெனிஸில் பாதி வீடுகளில் அப்படித்தான் தொங்குகிறார்கள். சுருளில் கோழி கிளறிய மாதிரி எதையாவது கிறுக்கிவிடுவோம். யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த மாப்பிள்ளை கேட்பார். அதனால் நிஜக் கிரேக்கம் வேண்டும். எனக்கோ அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

குறிகாரியாக உட்கார்ந்த ஜபேத்தாவுக்கும் தெரியாது. கிரேக்கக்காரிதான், ஆனால் துணி வெளுத்துப் பிழைப்பவள். அவளிடம் ஒரு கடிதம் இருந்தது. கப்பலில் போன மகனைப் பற்றி கோர்ஃபு தீவிலிருந்து யாரோ எழுதியது. அவர்கள் கோவில் பாதிரியார் படித்துச் சொன்னாராம்: மகன் நலம், ஈஸ்டருக்கு வந்துவிடுவான். அன்றிலிருந்து ஓய்ந்த நேரமெல்லாம் அவனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

சுருளுக்குப் பதில் அந்தக் கடிதத்தையே பிடிக்கவைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கை அச்சு. நான் ஈயை வரைந்தால் விரட்ட வருவார்கள்.

ஒரே தொல்லை அவளுடைய கட்டை விரல். முதல் வரியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். எடு என்றால் எடுப்பாள். தூரிகையை நனைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அங்கேயே இருக்கும். மூன்று வாரம் கத்திப் பார்த்துவிட்டு, தொலையட்டும் என்று விரலையே வரைந்துவிட்டேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். முகத்தில் குழப்பம்.

“என்னங்க இது? கிரேக்கம்தான், ஆனா சந்தைக்கடைக் கிரேக்கம். ‘காய்ச்சல்ல போயிட்டான், கடலோர மதில் பக்கத்துல புதைச்சோம், பூட்ஸை ஒரு ஏழைக்குக் கொடுத்தாச்சு’ன்னு இருக்கு. தெல்பியில எவன் பூட்ஸ் போட்டான்?”

பிரபுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “போனது யாரு?”

“தெரியலையே மாமா. பேரு விரலுக்குக் கீழே மாட்டிக்கிச்சு.”

“குறிகாரி கையில என் பேரா?” போன குளிர்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்த மனிதர், என் கையைப் பிடித்து உலுக்கினார். “ஓவியரே, யாரு பேரு அது?”

பாதிரியார் படித்தது ஒரு சேதி, மாப்பிள்ளை படித்தது ஒரு சேதி. ஆனால் நான் வரைந்தது ஒரே கடிதத்தைத்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்று ஜபேத்தாவைத் தலைப்பாகையோடு ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தேன். அவள் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்தாள்.

“பேரெல்லாம் இல்லீங்க எசமான். மை கொட்டின கறை. அசிங்கமா இருக்கேன்னு நான்தான் விரலை வச்சேன்.”

பிரபு பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளை, நல்ல கிரேக்கத்தில் தானே நாலு வரி எழுதித் தருவதாகவும், இந்தக் குப்பையை அழித்துவிட்டு அதை எழுதும்படியும் சொல்லிவிட்டு, மாமனாரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினார்.

கீழே அவர்கள் படகு நகர்ந்ததும் ஜபேத்தா கேட்டாள்.

“ஐயா, எழுத்தையெல்லாம் நீங்க சரியாப் பார்த்துத்தானே வரைஞ்சீங்க?”

சட்டை அவள் கையில் இருந்தது. கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலில் ஒரு பெயர். பிறை போல ஒரு வளைவு, பக்கத்தில் சுத்தியல் போல ஒன்று. முதல் நாள் அவள் கடிதத்தைப் பிரித்தபோது, விரல் வந்து உட்காரும் முன், ஒரு கணம் நான் பார்த்த அதே எழுத்துகள். படிக்கத் தெரியாதவளுக்கு மகன் பேரான இந்த ஒரு சொல் மட்டும் தெரிந்திருக்கிறது.

மூன்று வாரமாக அதை மறைத்தாளா, இல்லை தொட்டுக்கொண்டிருந்தாளா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாற்பது வருடத் தொழிலில் ஒருநாளும் சொல்லாததை அன்று சொன்னேன்.

“எங்கே சரியா வரைஞ்சேன்? எனக்குத்தான் கிரேக்கம் தெரியாதே. எல்லாம் தப்பும் தவறுமா இழுத்து வச்சிருக்கேன். அவரு அதை எப்படியோ படிச்சிட்டுப் போறாரு, விடு.”

ஜபேத்தா தலையாட்டினாள். படத்தின் அருகே போய், வண்ணம் காயாத அந்தக் கடிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விரல் மட்டும் சரியா வந்திருக்குங்க ஐயா. வரியெல்லாம் அழிக்கறப்ப அதை மட்டும் விட்டுடுங்க.”