ரோஸ் கொக்கு

இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. முக்கால் மைல் தூரம் ஒரே பக்கமாகக் குடத்தைச் சுமந்து வந்தால் எந்த இடுப்புதான் தாங்கும்? தோட்டக்காரி மூச்சு வாங்க நின்று, முதலாளி வீட்டு கேட்டைக் காலால் தள்ளினாள்.

"வந்துட்டாங்கப்பா, கொக்குக்கு மாமியார்!" என்றான் காவல்காரன். அவளுடைய தெருக்காரன்தான். "ஏன்க்கா, இங்க குழாயத் திறந்தா தண்ணி கொட்டுது. வீட்டுலேர்ந்து சுமக்கணும்னு என்ன தலையெழுத்து?"

"கொக்குக்குக் குழாய்த் தண்ணி ஒத்துக்காது தம்பி. மருந்து வாடை அடிக்குது."

"நம்ம தெருவே லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்குது. நீ மொதலாளியோட கொக்குக்கு ஒரு குடம் வாரிக் குடுக்குற. நல்லா ஐஸ் வைக்கிற, போ!"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். துணி ஆலை வந்த இரண்டாம் வருடமே தெருக் கிணறு கெட்டுப்போனது. மூன்று மனு கொடுத்தாயிற்று. 'ஆலையிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை' என்று மூன்றுக்கும் ஒரே பதில். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரை மூடி திறந்துகூட யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது மனுவில் கையெழுத்துப் போட்டான் என்று அவள் புருஷனை ஆலையிலிருந்து துரத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த முதலாளி தோட்டத்திலேயே அவள் குனிந்து வேலை செய்தால் தெரு சும்மா இருக்குமா? புருஷனே முகம் கொடுத்துப் பேசி நாலு நாளாகிறது.

வேலியோரம் மர நிழலில் பழைய கருங்கல் தொட்டி கிடந்தது. குடத்து மூடியை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதில் கவிழ்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்து அலம்பினாள். ஒரு மண்சட்டியில் அங்கேயே தண்ணீர் பிடித்து, கொக்கு குடிக்கட்டும் என்று தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மண்வெட்டி நாலு தடவை விழுந்ததும் கொக்கு வந்துவிட்டது. கிளறிய மண்ணில் புழு பொறுக்கிற சாதாரணக் கொக்குதான். ஆனால் கழுத்திலிருந்து வால்வரை பளிச்சென்று ரோஸ் நிறம். போன வாரம் முதலில் பார்த்தவள் அவள்தான். வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னவளும் அவள்தான். வயிறு நிறைந்ததும் அது தொட்டிக்குள் இறங்கிச் சிறகடித்துக் குளித்தது.

பத்து மணிக்கு முதலாளி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் பறவை ஆராய்ச்சி செய்கிற அம்மாள். இன்னொருவர் கேமராவும் கையுமாகப் பத்திரிகைக்காரர்.

"ஆலைக்காரன் ஊரையே கெடுக்குறான்னு சில பேர் மனு எழுதறதே பொழப்பா வச்சிருக்காங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. இந்தக் கொக்கே பதில்! இதை அப்படியே எழுதிக்குங்க" என்றார் முதலாளி. தோட்டக்காரி மண்வெட்டியை இறுகப் பிடித்தாள். தலையை மட்டும் குனியவில்லை.

முதலாளி தன் சட்டைக் கையைக் கொக்கின் பக்கமாக நீட்டிக் காட்டினார். "பொருத்தத்தப் பாருங்க! எங்க ஆலையோட புது ரோஸ். கொக்குக்கே புடிச்சுப்போச்சு!" பத்திரிகைக்காரர் சட்டையையும் கொக்கையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த நிறத்துல கொக்கு நான் பார்த்ததே இல்ல. தீனியால வந்திருக்கலாம், தண்ணியால வந்திருக்கலாம். இது வேற எங்கயாவது குளிக்குதா?"

"சான்ஸே இல்ல. இந்தத் தொட்டிய விட்டா அதுக்கு வேற போக்கிடம் கிடையாது."

"அப்ப இந்தத் தண்ணியப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா! எல்லாம் நம்ம தண்ணியோட மகிமைதான்."

அம்மாள் வெளிச்சம் புகாத ஒரு கறுப்புப் பாட்டிலில் தண்ணீரை முகந்து மூடி, சீட்டு ஒட்டினாள். முதலாளி பேனாவைக் கேட்டு வாங்கி, சீட்டு முழுவதும் அடைக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார். "என் தோட்டம், என் தொட்டி. எவனும் நாளைக்கு இது பொய்னு சொல்லக்கூடாது பாருங்க."

"படிவத்துல இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி" என்றாள் அம்மாள். "தண்ணி எங்கேருந்து வருது?"

"இவதான் தெனமும் சுமக்குறா. விசுவாசமான பொம்பள." முதலாளி திரும்பினார். "சொல்லும்மா, கூச்சப்படாம சொல்லு. பேப்பர்ல வரும்."

தோட்டக்காரி மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினாள். தலைத்துண்டை அவிழ்த்து, அதன் வெள்ளை முனையைத் தொட்டிக்குள் முக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிழிந்தாள். அவள் விரலிடுக்கில் ரோஸ் வழிந்தது.

கேட்டோரம் நின்ற காவல்காரன் வாயைப் பிளந்தான். முதலாளியின் கை பாட்டிலை நோக்கி நீண்டது. அதற்குள் அம்மாள் அதைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வலித்த இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தோட்டக்காரி நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"எங்க தெருக் கிணத்துத் தண்ணிங்க. ஒரு நல்ல கிணறு எங்களுக்கு நீங்க பாக்கி, மொதலாளி!"