பட்சோய் என்றொரு பெயர்

பெயரைக் கைவிட்ட நான்காவது நிமிடத்தில் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நெனிதா திரையை இன்னொரு தடவை பார்த்தாள். 'பட்சோய்: உரிமையாளர் உண்டு' என்றது. மதியச் சாப்பாடு முடித்த கையோடு அவள்தான் அந்தப் பெயரை வேண்டாமென்று விட்டிருந்தாள்.

ஆற்றோரக் கிராமங்கள் பதினொன்றில் வெள்ளம் வருமுன் சங்கு ஊதவைக்கிற மென்பொருள் அவளுடையது. அவளுடையது என்றால், இலோய்லோவில் தன் வீட்டு மேஜையில் அவள் ஆரம்பித்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒன்பது வருஷத்தில் ஆளுக்கொரு பகுதியை எழுதி, வாய்க்கு வந்த பெயரை வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு யாரோ வளர்த்த நாயின் பெயர். ஆற்றுமட்டத்தைப் பார்த்து எப்போது ஊதுவது என்று முடிவு செய்கிற உயிரான பகுதிக்குப் 'பட்சோய்'. அதை எழுதிய அன்று எல்லோரும் பட்சோய் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், வேறு காரணமில்லை.

"இதெல்லாம் ஒரு பேரா மனாங்? எல்லாம் ஒரே ஒழுங்குல இருக்க வேணாமா? முதல்ல ஆறு, அப்புறம் அது செய்யற வேலை. பாத்ததும் புரியணும்" என்று மூன்று மாதமாக நச்சரித்தவன் டெல்ஃபின். அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவன், தூரத்துத் தீவிலிருக்கும் தாவாவோக்காரன், முகம் பார்த்ததில்லை. அக்கா முறைக்கு மனாங், மனாங் என்று உருகுவான். இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அப்போதே அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சொன்னது நியாயம். ஒத்துக்கொண்டு பட்சோய்க்குப் புதுப் பெயர் வைத்தாள்.

மென்பொருள்களெல்லாம் இருக்கிற பொதுக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. விட்ட பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கிராமத்துக்கொன்றாகச் சங்கை ஊதவைக்கிற பெட்டிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போய் வந்தால், தனக்குத் தெரிந்த பெயரைக் கிடங்கில் தேடும். பெயரே இல்லையென்றால் கையிலிருக்கும் பழையதை வைத்து ஓட்டும். இருந்துவிட்டால், யார் வைத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காது. பழையதை அழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளும்.

போன் அடித்தது. பெட்டிகளில் புதுப் பெயரை மாற்றப் பைக்கில் போயிருந்த ரோமுலோ.

"மனாங், ஒம்போது முடிஞ்சுது. தண்ணி ஏறுது, பாலத்த மூடிட்டானுங்க. அக்கரையில ரெண்டு பாக்கி."

"அங்க கரண்ட் இருக்கா?"

"போயிட்டு இப்பதான் வந்துச்சாம். ஏன் கேக்கறீங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்று போனை வைத்தாள். அந்த இரண்டும் முடிந்துவிடும் என்று நம்பித்தான் அவசரப்பட்டுப் பெயரை விட்டிருந்தாள். இப்போது அவை எவனோ வைத்ததை எடுத்து முழுங்கியிருக்கும். அதில் ஒன்று அவள் தங்கை லோர்னாவின் கிராமம். தங்கையைக் கூப்பிட்டாள்.

"லோர்னா, சங்கு ஊதுச்சா?"

"இல்லையே. இப்பதான் பிள்ளைங்களத் தூங்க வச்சேன். என்ன விஷயம்?"

"தண்ணி ஏறுதாம்டி. கிளம்பி மேட்டுக்குப் போயிடேன்."

"போன வருஷமும் இப்படித்தான் ரெண்டு தடவ கிளப்பிவிட்ட. மூட்டை முடிச்சோட மழையில நின்னதுதான் மிச்சம். ஊரே சிரிச்சுது. நிஜமா வந்தா உன் சங்கு ஊதும்ல? ஊதினாக் கிளம்பறேன். வை போன."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

சங்கு ஊதவில்லை என்பதே நெனிதாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. எடுத்தவன் விஷமி என்றால் முதல் வேலையாக வெறுமனே ஊதவிட்டு ஊரை ஓடவைத்து வேடிக்கை பார்த்திருப்பான். இன்னும் எதுவும் செய்யவில்லை. யாரவன் என்று உரிமையாளர் விவரத்தைத் திறந்தாள்.

டெல்ஃபின்.

உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அவன் போனை எடுத்ததுமே கத்தினாள்.

"இதுக்குத்தானாடா மூணு மாசமா ஒழுங்கு ஒழுங்குன்னு என் உயிர வாங்கின?"

"என்ன மனாங் ஆச்சு?"

"நடிக்காத. பட்சோய எடுத்தது நீதான?"

"ஆமா, நான்தான். நீங்க விட்டதும் எவனாவது எடுத்து விஷத்த வச்சா என்ன பண்றது? அதான் காலையிலேர்ந்து சாப்பிடக்கூடப் போகாம உக்காந்திருந்து எடுத்தேன்." அவன் குரல் உடைந்தது. "என்னைப் போயி சந்தேகப்பட்டுட்டீங்களே."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது.

"தப்பா நெனச்சுட்டேன்பா. மனசுல வச்சுக்காத."

"பரவால்ல மனாங். உங்க எடத்துல நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்."

அப்போது ரோமுலோவின் செய்தி வந்தது. 'இக்கரை ஒன்பதிலும் சங்கு ஊதுது. ஜனம் மேடேறுது.'

பெயர் டெல்ஃபின் கையில்தானே, அக்கரையிலும் இந்நேரம் ஊதியிருக்கும். லோர்னா முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை எழுப்பியிருப்பாள். நெனிதா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"சரி, அந்தப் பேர்ல இப்ப என்ன வச்சிருக்க?"

"பயப்படாதீங்க மனாங். உள்ள ஒண்ணுமே வைக்கல."