நடுவில் ஒரு மூச்சு

மேலத்தெரு வழியாகக் கல்யாணக் கார் போகலாம், பறை போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. மணப்பெண் இளவரசி மறுநாளே அந்தக் காரில் ஸ்பீக்கர் மாட்ட ஆடியோ கடைக்கு ஓட்டி வந்தாள். சித்தப்பா அடித்த பறையின் பதிவு அவள் போனில் இருந்தது.

“சாதா ஒயரே போதும்மா,” என்றார் கடைக்காரர் சாதிக். “எஞ்சின் ஓடுறப்ப லேசா இரையும். பறைச் சத்தத்துல தெரியாது.”

“அடிக்கும் அடிக்கும் நடுவுல சித்தப்பா மூச்சு விடுறது கேக்கணும்ணே. இரையாத ஒயரா போடுங்க.”

சாதிக், இரைச்சல் ஏறாதபடி பேட்டரி ஒயரை இடப்பக்கமும், கம்பிவலை சுற்றிய ஆடியோ ஒயரை வலப்பக்கமுமாக இழுத்துக் கட்டினார். இளவரசி போனில் பறையை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. ஸ்பீக்கரில் இரண்டு அடிகளுக்கு நடுவே மூச்சு மட்டும் கேட்டது.

“கண்ணாடிய ஏத்திக்கிட்டா உள்ள இன்னும் தெளிவா கேக்கும்மா,” என்றார் சாதிக்.

அவள் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினாள்.