சத்து மாத்திரை டப்பா

எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மாத்திரைகளை ஜெனிஷ் ஒரு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்திருந்தான். அவன் ஆண்களோடு படுக்கிறவன் என்று அறைத்தோழன் மாதேஷுக்குத் தெரிந்தால் பெட்டி தெருவுக்குப் போய்விடும். தினம் ஒன்றாக முப்பது நாளைக்கு வர வேண்டியது, இந்த மாதம் பத்தாம் நாளே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மறதியில் தானே இரண்டு முறை போட்டுக்கொள்கிறோமோ என்று குழம்பிக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது, மாதேஷ் அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

“அது என்னோடதுடா.”

“ஒரு சத்து மாத்திரைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா, மாப்ள?”

ஜெனிஷ் சிரித்துவிட்டு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே தொற்று இருந்தால், பிறகு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காமல் காரியம் கெட்டுவிடலாம். துண்டைப் பிடித்தபடி, அது என்ன மாத்திரை, தான் எதற்காகப் போடுகிறான் என்று ஜெனிஷ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

மாதேஷ் டப்பாவை மூடினான். “மாத்திரை மேல நம்பர் போட்டிருக்கு. போன்ல தேடிப் பார்த்தேன்.”

“எப்போ?”

“முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி.”

மாதேஷ் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான்.

“அந்த டெஸ்ட் எடுக்கிற இடம்,” என்றான், “இன்னைக்குத் திறந்திருக்குமா?”