இரண்டு கிண்ணம் பூ

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க, மாஸ்டர்," என்றார் முதலாளி. பீர் காய்ச்சுகிற மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். போன மாஸ்டரின் சீட்டைக் கிழித்ததும் இதே அறையில், இதே மாதிரி கதவைச் சாத்திவிட்டுத்தான்.

மேஜைமேல் இரண்டு கிண்ணங்களில் ஹாப்ஸ் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ. இடதில் மலைத்தோட்டத்து ரகம், வலதில் ஆற்றோரத்து ரகம். இன்று மாஸ்டர் எதைச் சொல்கிறாரோ அதுதான் வருஷம் முழுக்கக் கொப்பரையில் விழும்.

மணம் பார்க்கிற இந்த அறையில் ஜன்னலைத் திறக்கிற வழக்கமே கிடையாது. இன்று இரண்டு ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. "எந்தப் புண்ணியவான் வேலை இது?" என்று முணுமுணுத்தபடி முதலாளி எழுந்துபோய் அடைத்தார். தாழும் போட்டார்.

"கசக்கி மோந்து பாருங்க. உங்க மூக்கை நம்பித்தான் இந்த ஆலையே ஓடுது."

அந்த மூக்குதான் செத்து மூன்று வாரமாகிறது. முதலாளி தொடங்கி வாட்ச்மேன் வரை ஆலையில் பாதிப் பேரைப் படுக்கப்போட்ட காய்ச்சல், போகிறபோது மாஸ்டரின் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவிக்கு மட்டும் தெரியும். 'வெளிய மூச்சு விட்டுடாதீங்க, சோத்துல மண்ணு விழுந்துடும்' என்று சொல்லித்தான் தினமும் அனுப்புவாள்.

இடக் கிண்ணத்துப் பூவை உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். வெறும் காற்று. வலக் கிண்ணமும் அப்படியே. முதலாளி வைத்த கண் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க."

"இடதுல நல்ல எலுமிச்சை வாசம், முதலாளி." வலக் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். "வலது கொஞ்சம் மந்தம்."

முதலாளியும் இரண்டையும் கசக்கி, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார். போன மாஸ்டரின் தப்பைக் காட்டிக்கொடுத்ததே முதலாளியின் அந்த மூக்குதான். தொலைந்தோம் என்று மாஸ்டர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எலுமிச்சையேதான். கரெக்டாச் சொன்னீங்க," என்றார் முதலாளி. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் ஸ்டோர்க்காரம்மா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா, சாம்பிள் மாறிப்போச்சு. ரெண்டுமே குளிர் ரூம் மிஷின் நின்னப்போ கெட்டுப்போன மூட்டையிலருந்து எடுத்தது. பெருக்குற அம்மா நாத்தம் தாங்காம ஜன்னலைத் திறந்துவிட்டுட்டு வந்து இப்பத்தான் சொன்னாங்க. எப்படி இதுக்குள்ள உக்காந்திருக்கீங்க?"

கிண்ணங்களை எட்டப் பிடித்தபடி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாஸ்டர் தலை நிமிரவில்லை. முதலாளி மெல்ல எழுந்து கதவை மறுபடி சாத்தினார். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களுக்குமா, மாஸ்டர்?"