தன்னம்பிக்கை விருது

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரபுவைக் கண்டதும் மலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதுதான் திரையில் பார்த்த முகம். அதே நாற்காலி, அதே மெலிந்த தோள். நாற்காலியின் பின்புறம் பெண்கள் மாட்டும் கைப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க டீச்சர்," என்று பக்கத்திலிருந்த செபாஸ்தியம்மாளிடம் கிசுகிசுத்தார். "இந்த நெலமையிலயும் அடுத்தவுக பையச் சொமக்கிறான், பாவம்."

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய குறும்பட விழா. உட்கார இடமில்லாமல் பாதிக் கூட்டம் சுவரோரம் நின்றது; மற்றவர்கள் கிடைத்ததில் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவர்கள் இரண்டே பேர். செபாஸ்தியம்மாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மலைச்சாமி சென்னையில் இரண்டு படங்களுக்கு உதவி இயக்குநராக இருந்தவர். அந்த இரண்டுமே வெளிவரவில்லை. ஆனாலும் ஊர் திரும்பியதிலிருந்து யாராவது 'டைரக்டர் சார்' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

பிரபு நடித்த படத்தின் கதை இவ்வளவுதான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சக்கர நாற்காலியில் ஒருவன் டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கிறான். புண்ணியம் தேடி வந்த நாலு பேர், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அலாக்காகத் தூக்கிக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். மலைப்பாதை முழுக்க அவர்களை வைதுகொண்டே போகிறான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. செபாஸ்தியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"மொதப் பரிசு இதுக்குத்தான் சார்."

மலைச்சாமி உதட்டைப் பிதுக்கினார். "என்ன டீச்சர் நீங்க? ஊனத்தக் காட்டுனா அழுக வரணும். இங்க சிரிப்பாணில்ல வருது! அந்த இன்னொரு படத்துல பையன் கொட்டுற மழையில கோயிலுக்குத் தவழ்ந்துக்கிட்டே போறான் பாருங்க... அது படம்!"

"இது நெசமா இருக்கே சார்."

"எது நெசம்? கை கால் நல்லா இருக்கிறவுகளுக்கு அந்த வலி எங்க தெரியப்போகுது?" சக்கர நாற்காலிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பாஸிலாவை முகவாயால் சுட்டினார். அந்தப் படத்தை எழுதி இயக்கியவள் அவள்தான். "அந்தப் பய கஷ்டத்த வச்சு இந்தப் புள்ள பேர் வாங்கப் பாக்குது."

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாப்பமே."

"நடுவர் போயி எறங்கிப் பேசுறதா? நம்ம கவுரவம் என்னாகுறது?"

முதல் பரிசு மழையில் தவழ்ந்த படத்துக்கே போனது. ஆனால் பிரபுவை வெறுங்கையோடு அனுப்ப மலைச்சாமிக்கு மனம் வரவில்லை. அவனுக்காகவே ஒரு விருதை அங்கேயே உண்டாக்கினார். தன்னம்பிக்கை விருது.

மைக்கில் பெயர் வந்ததும் பிரபு திடுக்கிட்டு நிமிர்ந்தான். அதற்குள் தொண்டர்கள் நாலு பேர் ஓடிவந்து நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, இருங்கண்ணே... நான்..."

"நீ அசங்காத அப்பு, நாங்க இருக்கோம்ல!"

நாற்காலி அப்படியே அந்தரத்தில் எழுந்தது. "ஏங்க, வண்டி! வண்டி!" என்று பாஸிலா கத்தியது கைத்தட்டலில் அமுங்கிப்போனது. செங்குத்தான மேடைப் படிகளில் மூச்சிரைக்க ஏறி, பிரபுவை நட்டநடுவில் இறக்கி வைத்தார்கள்.

மலைச்சாமி அவன் தோளில் பொன்னாடை போர்த்தினார். புகைப்படக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் தலையைத் தடவினார்.

"சார், ஒரு நிமிசம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"உணர்ச்சிவசப்படாத தம்பி. ஒனக்கும் சேத்து நான் பேசுறேன்." மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். குரலை வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொண்டார்.

"இந்தத் தம்பியோட வேதனைய வேடிக்கையாக்கிட்டாங்க. படத்த எடுத்த அந்தத் தங்கச்சி, ஒரே ஒரு நாள் இந்த நாற்காலியில உக்காந்து பாத்திருந்தா இப்படி எடுத்திருக்குமா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மேடைக்கு வாம்மா. இவன் கையப் பிடிச்சு ஒரு மன்னிப்புக் கேளு!"

கூட்டம் மொத்தமும் பாஸிலாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

"வாம்மான்னு சொல்றேன்ல!"

அவள் அசையவே இல்லை.

மலைச்சாமிக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் பார்க்க, ஒரு சின்னப் பெண் தன்னை மதிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். "திமிரப் பாத்தீங்களா? நடுவர் கூப்புடுறேன். எந்திரிச்சு வர்றதுக்குக்கூட மனசில்ல! இவுகல்லாம் மாற்றுத்திறனாளிக்குப் படம் எடுக்க வந்துட்டாக!"

பிரபு பொன்னாடையை உருவி நாற்காலியின் கைப்பிடியில் போட்டான். பிறகு விறுக்கென்று எழுந்து நின்றான்.

தூக்கி வந்த தொண்டர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ பரவசமாகக் கைதட்டவும் தொடங்கினார்கள்.

மலைச்சாமி கையிலிருந்த மைக்கைப் பிரபு வெடுக்கென்று வாங்கினான்.

"அக்கா எப்பிடி சார் எந்திரிச்சு வருவாக? அவுக வண்டியத்தான நீங்க மேல தூக்கிட்டு வந்துட்டீக!"